மேன்முறையீட்டின் தூரம்: இலட்சுமிகாந்தன் கொலை வழக்கும் ஈழத்து வழக்குகள் சிலவும்

கொலைச்சிந்து என்னும் வடிவத்தை எமது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் பொருட்படுத்தியதில்லை. மலிவான தாளில் எட்டுப் பக்கமாகவோ பதினாறு பக்கமாகவோ அச்சிடப்பட்டுச் சந்தையிலும் கோயில் வீதியிலும் புகையிரத நிலையத்திலும் பாடி விற்கப்பட்ட இச்சிறு நூல்கள் புலவர் சரித்திரங்களில் இடம்பெறும் தகுதியுடையன என்று எவரும் கருதவில்லை. ஆயினும் எழுத்தறிவு சொற்பமாகவே பெற்ற மக்கள் திரளுக்குக் காவல்துறை, நீதிமன்றம், யூரி, தூக்குமேடை ஆகிய புதிய நிறுவனங்களை அறிமுகஞ் செய்துவைத்த எழுத்து எதுவென்று கேட்டால், சட்டநூல்களையல்ல, இந்தச் சிந்துகளையே சுட்டவேண்டியிருக்கும். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிய பின்னர் சென்னையில் அச்சேறிய கதையும் பாட்டும் இசைத்தட்டும் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு வந்துசேர்வது எளிதாயிற்று. எங்கள் பாட்டிமார் தலைமுறையினர் பலருக்கு மதுரைக் கொலையும் சென்னைக் கொலையும் அயலூர்ச் செய்திபோல் மனப்பாடமாக இருந்ததற்குக் காரணம் இதுவே.

இவ்வடிவத்தின் அமைப்பு ஏறத்தாழ நிலையானது. காப்பு, கொலையுண்டவரின் குலமும் குணமும், கொலையாளியின் சூழ்ச்சி, கொலை நிகழ்ந்த இரவு, பிணத்தைக் கண்டோர் புலம்பல், பொலிசாரின் வருகை, விசாரணை, தண்டனை, ஈற்றிற் கேட்போருக்கு ஒரு புத்திமதி. தண்டனை விதிக்கப்பட்டதும் சிந்து முடிந்துவிடும். குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவர் குற்றவாளியல்லர் என்று பின்னொரு நாள் வேறொரு நீதிமன்றம் கூறுவதற்கு இந்த வடிவத்திலே இடமில்லை. பாட்டைக் கட்டியவர்களின் குறைபாடு என்று மட்டும் இதனைக் கொள்ளமுடியாது. அவர்கள் யாருக்காகப் பாடினார்களோ, அந்த மக்களின் வாழ்க்கையிலே மேன்முறையீடு என்பது நடைமுறையிற் காணக்கிடையாத ஒன்றாக இருந்தது. நீதிமன்றத்தின் முதலாவது சொல்லே அவர்களுக்கு இறுதிச் சொல்லாயிற்று.

இவ்வாறிருக்க, தமிழ் மக்களாற் கடந்த நூற்றாண்டில் மிக அதிகமாகப் பேசப்பட்ட கொலை வழக்கோ மேன்முறையீட்டினாலேயே திசைமாறிய ஒன்று. 1944ஆம் ஆண்டின் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கினையே குறிப்பிடுகின்றேன். அதைப்பற்றி எழுதப்பட்டவை பலவும் இரண்டு பெருங் கலைஞர்களின் அவலக் கதையாகவே அதனைச் சொல்லி அமைகின்றன. அவலம் உண்மையே. ஆனால் வழக்கின் சமூக அடித்தளம் அந்த இருவரோடும் முடிந்துவிடுவதன்று.

சி. என். இலட்சுமிகாந்தன் போலிப் பத்திரம் தயாரித்த குற்றத்திற்காக முன்னர் சிறையிருந்தவர். 1943இல் ‘சினிமா தூது’ என்னும் பத்திரிகையைத் தொடங்கித் திரைப்பட நடிகர், நடிகையரின் அந்தரங்க வாழ்க்கையை எழுதலானார். எழுதுவதற்கும் பணம் வந்தது. எழுதாமலிருப்பதற்கும் பணம் வந்தது. பின்னையதே பெருந்தொகை என்று அக்காலத்தார் கூறுவர். இத்தொழிலுக்கு அவர் தேர்ந்த காலத்தை நாம் கவனிக்கவேண்டும். யுத்த காலம் அது. கச்சாப் பிலிம் பற்றாக்குறையினால் ஒரு படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என அரசாங்கம் கட்டுப்படுத்தியது. தாளுக்கும் கட்டுப்பாடு. படங்களின் எண்ணிக்கை சுருங்க, வந்த படங்களுக்குக் கூட்டம் பெருகிற்று. கள்ளச் சந்தையிற் புரண்ட பணம் படத்துறைக்குள் வந்தது. முன்னணி நட்சத்திரங்களின் ஊதியம் முன்னொருபோதும் இல்லாதவாறு ஏறியது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற மக்கள், அதே மாதத்திற் பட்டுச் சட்டையும் வைரக் கடுக்கனும் அணிந்த நாயகனைத் திரையிற் கண்டு கைதட்டினர். கைதட்டிய அதே மக்கள்தான் அந்த நாயகனை இழிவுபடுத்தும் தாளையும் காசு கொடுத்து வாங்கினர். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. எட்டமுடியாத செல்வத்தின் மீதான வியப்பும் வெஞ்சினமும் ஒரே உணர்வின் இரு முகங்கள். மஞ்சட் பத்திரிகை அந்த வெஞ்சினத்தைச் சுரண்டிற்று. அதற்கு அரசியல் வடிவம் எதனையும் கொடுக்கவில்லை. இலட்சுமிகாந்தனை ஏழைகளின் குரலாக்கிக் காட்ட முனையும் சிலருடைய எழுத்துக்களை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதிருப்பது இதனாலேயே.

பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவைப் பற்றி 1981இல் வெளியிட்ட ஆங்கில நூலில், தமிழரெல்லாரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதற் கலையரங்கு சினிமா மண்டபமே என்னும் கருத்தினை முன்வைத்துள்ளார். சாதியின் பேராற் கோயிற் கதவும் தேநீர்க் கடைக் குவளையும் மறுக்கப்பட்ட யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் அக்கூற்றின் பொருள் விளக்கமின்றியே புலப்படும். அந்த மண்டபத்தில் எல்லாரும் சேர்ந்து கேட்ட குரல் எம். கே. தியாகராஜ பாகவதருடையது. எல்லாரும் சேர்ந்து சிரித்தது நாகர்கோவில் ஒழுகினசேரியிற் பிறந்த நா. சு. கிருஷ்ணனுடைய, அதாவது கலைவாணர் என். எஸ். கே.யின், பேச்சுக்கு.

இவர்கள் இருவரும் கோயம்புத்தூர்ப் பட இயக்குநரான எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடுவும் சேர்ந்து சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் ‘சினிமா தூது’வின் அநுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்யும்படி மனுக் கொடுத்தனர். அநுமதி இரத்தாயிற்று. இலட்சுமிகாந்தன் ‘இந்துநேசன்’ என்னும் இன்னொரு பத்திரிகையைக் கையிலெடுத்து முன்னையதிலும் கடுமையாக எழுதத் தொடங்கினார். 1944 நவம்பர் 8ஆம் நாட் காலை, வேப்பேரியிலே தம் வழக்கறிஞரைக் கண்டு கைறிக்ஷோவில் திரும்பும்போது அவர் கத்தியாற் குத்தப்பட்டார். மறுநாள் விடியுமுன் பொது மருத்துவமனையில் இறந்தார். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், தீபாவளி நாளில், பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ வெளியாகியிருந்தது.

அவ்வாண்டு டிசெம்பரிற் பாகவதரும் கிருஷ்ணனும் சிறைப்பட்டனர். கொலையைத் தம் கையாற் செய்தவர்கள் என்பதன்று அவர்கள் மீதான குற்றச்சாட்டு; கொலைச் சதிக்குப் பின்னின்றவர்கள் என்பதே. இந்த வேறுபாடு முக்கியமானது. கத்தி பிடித்தவனுக்கு எதிராகக் காயமும் இரத்தமும் கண்ணாற் கண்டவரும் சாட்சியாகலாம். சதிக்குப் பின்னின்றவருக்கு எதிராகவோ அச்சதியில் உடனிருந்ததாகச் சொல்லும் ஒருவரின் வாய்மொழியே முதன்மைச் சாட்சியாகும். இவ்வழக்கிலும் குற்றத்திற் பங்குகொண்டதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புப் பெற்ற ஒருவர், தமிழ்நாட்டார் அப்ரூவர் என வழங்குபவர், அரச தரப்பிற் சாட்சியம் அளித்தார். தன் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி மற்றொருவர் கழுத்தில் மாட்டும் வாய்ப்புப் பெற்றவரின் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற வினா ஆங்கிலச் சட்டத்திற் பழையது. வேறு சான்றினால் உறுதிப்படாதவிடத்து அத்தகைய சொல்லை ஏற்பது ஆபத்தென யூரிமாருக்கு நீதியரசர் எச்சரிக்கை செய்யவேண்டும் என்பது நெடுநாளைய மரபு. எச்சரிக்கை செய்யலாம், ஆனால் எச்சரிக்கையைக் கேட்டபின் யூரிமார் தம் அறைக்குள் என்ன நினைத்தனர் என்பதற்குக் காரணம் எழுதவேண்டியதில்லை. யூரித் தீர்ப்பின் பலமும் பலவீனமும் இதுதான்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் குற்றவியல் அமர்வில், நீதியரசர் மொக்கெற் முன்னிலையில் விசாரணை நடந்தது. 1945 மே 3ஆம் நாள் தீர்ப்பு வந்தது. யூரிமார் ஒருமனப்படவில்லை, பெரும்பான்மைத் தீர்ப்பே கூறப்பட்டது. ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதர், கிருஷ்ணன் உள்ளிட்டோருக்கு ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை. தீவாந்தரம் என்றால் அந்தமான். அந்தமானோ 1942 தொடக்கம் யப்பானியரின் கையிலிருந்தது. தன் வசமில்லாத தீவுக்குக் கைதிகளை அனுப்புவதாக ஏகாதிபத்தியம் எழுதிய இத்தகைய தீர்ப்புகள், பழைய வாய்பாடுகள் எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்பதற்கு நல்ல உதாரணங்கள்.

மேன்முறையீடு பற்றி இனிச் சற்று விரிவாகப் பார்ப்போம். வழக்கினைச் சொல்வோர் பலர் இவ்விடத்தை ஒரே வரியிற் கடந்துவிடுகின்றனர். சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மாகாணத் தலைநகர்களின் உயர் நீதிமன்றங்கள் யூரியுடன் அமர்ந்து தாமே முதல் விசாரணை நடத்திய கொலை வழக்குகளில், அந்தத் தீர்ப்புக்கு எதிராகச் சான்றுகளின் அடிப்படையில் மேன்முறையிடும் உரிமை நெடுங்காலம் இருக்கவில்லை. 1943ஆம் ஆண்டிற் குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையிற் புதிதாகச் சேர்க்கப்பட்ட 411அ என்னும் பிரிவே அவ்வழியைத் திறந்தது. கொலை இரண்டாண்டு முந்தி நிகழ்ந்திருப்பின் பாகவதரின் விடுதலைக்கு ஆதாரமான அந்தப் படியே சட்டத்தில் இருந்திராது. தனிமனிதர் ஒருவரின் விதி என்று நாம் பேசுவதிற் பெரும்பகுதி சட்டசபைக் குறிப்பேடுகளிற் கிடக்கின்றது.

உரிமை புதியதாகையால் அதன் எல்லையும் தெளிவற்றிருந்தது. 1945 ஒக்டோபரிற் சென்னை உயர் நீதிமன்றத்தின் மேன்முறையீட்டு ஆயம் தண்டனையை உறுதிசெய்தது. எஞ்சியது இலண்டனிலுள்ள கோமறைக் கழகம். அது சாதாரண மேன்முறையீட்டு நீதிமன்றம் அன்று. 1887ஆம் ஆண்டின் டிலெற் வழக்கு முதலாக, குற்றவியல் தீர்ப்புகளைத் தான் மீளாராய்வதில்லை எனவும், இயல்பான நீதியின் அடிப்படைகள் மீறப்பட்டுப் பாரதூரமான அநீதி இழைக்கப்பட்டவிடத்து மட்டுமே தலையிடுமெனவும் அது கூறி வந்தது. உள்ளே நுழைவதற்கே விசேட அநுமதி பெறவேண்டும். சாட்சியங்கள் முழுவதும் அச்சிடப்படவேண்டும். இலண்டனிலே சொலிசிற்றரும் பாரிஸ்ரரும் அமர்த்தவேண்டும். ஒவ்வொரு படிக்கும் பணம். கிருஷ்ணனின் மனைவியும் நடிப்புத் துணையுமாகிய டி. ஏ. மதுரம் இக்காலத்திற் பட்ட பாடு தமிழ் நாடக வரலாற்றின் ஓர் அத்தியாயம். எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவைச் சிதையவிடாமற் காத்ததும், வழக்குச் செலவுக்கு வழி தேடியதும் அவரே. நாயகியர் கணவரை எமனிடமிருந்து மீட்கும் புராணக் கதைகளுக்குக் கைதட்டிய மக்கள், கண்முன்னே கணக்குப் புத்தகத்தோடு போராடிய இப்பெண்ணைப் பற்றி அந்த அளவிற்குப் பேசவில்லை.

இலண்டனில் இவர்களுக்காக வாதிட்டவர் டி. என். பிரிற். சோவியத் நாட்டை ஆதரித்தமைக்காக 1940இற் பிரித்தானியத் தொழிற்கட்சியினின்றும் நீக்கப்பட்ட இடதுசாரி. 1931இல் ஹொங்கொங்கிற் கைதான ஹோ சி மினுக்காகவும் பின்னர் 1952இற் கென்யாவில் ஜோமோ கென்யாட்டாவுக்காகவும் வாதாடியவர். பேரரசின் உச்ச நீதிபீடத்தின் முன் அப்பேரரசின் எதிரி நின்று, தமிழ்ப் பக்திப் படத்தின் கதாநாயகனுக்காகப் பேசிய காட்சி எண்ணிப்பார்க்கத் தக்கது. சென்னையில் மேன்முறையீடு உரியவாறு விசாரிக்கப்படவில்லையெனக் கண்ட கோமறைக் கழகம், அதனை மீள விசாரிக்கும்படி திருப்பியனுப்பியது. குற்றமற்றவர்கள் என்று அது கூறவில்லை. மறு விசாரணையில் வி. எல். எத்திராஜ் வாதிட, நீதியரசர்களான ஹப்பலும் ஷகாபுதீனும் சான்றுகளை ஆராய்ந்து 1947 ஏப்பிரல் 25ஆம் நாள் பாகவதரையும் கிருஷ்ணனையும் விடுவித்தனர். சிறையிற் கழிந்தவை ஏறத்தாழ முப்பது மாதங்கள்.

இதே குற்றச்சாட்டில் இவர்களோடு கூண்டிலே நின்று தண்டிக்கப்பட்டோர் வேறு சிலரும் உளர். நூல்களும் நினைவுக் கட்டுரைகளும் இருவரின் விடுதலை நாளோடு கதையை முடித்துக்கொள்கின்றன. எஞ்சியோர் யார், அவர்தம் குடும்பங்கள் என்னவாயின என்று கேட்கும் வழக்கம் எமது வரலாற்றெழுத்தில் இன்னும் வேரூன்றவில்லை. கொலைச்சிந்துக்காரராவது கூண்டில் நின்ற அனைவரின் பெயரையும் எதுகைக்காகவேனும் சொல்லியிருப்பார்.

இலங்கையின் நிலைமையோ இதனினும் வேறுபட்டது. இங்கிலாந்திற் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. அதே ஆங்கிலேயர் ஆண்ட இலங்கையில் அத்தகைய நீதிமன்றத்தைத் தாபிக்க 1938ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. இடைப்பட்ட முப்பத்தொரு ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திற்கு வடக்குச் சுற்று நீதிமன்றமாக வந்தமர்ந்த உயர் நீதிமன்ற நீதியரசரின் முன் யூரிமார் கூறிய தீர்ப்பே, ஆளுநரின் கருணையைத் தவிர்த்தால், முடிந்த முடிபு. யூரிமார் யார்? ஆங்கிலம், சிங்களம், தமிழ் பேசுவோர் என மூன்று பட்டியல்கள் இருந்தன. அவற்றில் இடம்பெறச் சொத்தோ வருமானமோ தகுதியாகும். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பட்டியலிற் காணியுள்ள உயர்சாதி ஆண்களே நிறைந்திருக்க முடியும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ‘தனக்கு ஒப்பானவர்களால் விசாரிக்கப்படும் உரிமை’ என ஆங்கிலச் சட்டவியலாளர் போற்றும் யூரிமுறை, குடிமகனையும் கூலிக்காரனையும் பொறுத்தவரை எசமானர்களால் விசாரிக்கப்படும் முறையாகவே இங்கு வந்திறங்கியது. அப்புக்காத்தும் பிறக்கிராசியும் அமர்த்தக் காணியை ஈடுவைத்தோர் கதைகள் குடாநாட்டிற் கிராமந்தோறும் உண்டு. ஈடுவைக்கக் காணியில்லாதோருக்கு அந்தக் கதையும் இல்லை.

இந்தப் பின்னணியிலேதான் ஸ்டீபன் செனிவிரத்ன வழக்கை நோக்கவேண்டும். 1933 ஒக்டோபரிற் கொழும்பு டஃப் இல்லத்திற் குளோரபோம் மணத்தோடு இறந்துகிடந்த மனைவியைக் கொன்றதாக அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 1934இல் யூரிமார் அவரைக் குற்றவாளியெனக் கண்டனர். மரணதண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் ஆயுட்சிறையாகக் குறைக்கப்பட்டது. உள்நாட்டில் முறையிட நீதிமன்றம் இல்லாதிருந்தது. அவர் செல்வக் குடும்பத்தினர். கோமறைக் கழகம் வரை சென்றார். 1936இற் கழகம் தண்டனையை நீக்கியது. குற்றத்தை ஐயமற நிறுவவேண்டிய பொறுப்பு அரச தரப்பினதே, சந்தேகங்கள் எத்தனை சேர்ந்தாலும் ஒரு சான்றாகா என்பதை இலங்கை வழக்கறிஞர்கள் அத்தீர்ப்பிலிருந்து நெடுங்காலம் எடுத்துக்காட்டி வந்தனர்.

ஐந்தாண்டு கழித்து, 1941இல், புப்புரஸ்ஸையை அடுத்த ஸ்டெலென்பேர்க் தோட்டத்தின் துரையான போப் கொலையுண்டார். தோட்டங்களிற் சங்கம் அமைப்பதற்கும் அதைத் துரைமார் நசுக்குவதற்கும் இடையே கடும் போராட்டம் நிகழ்ந்த காலம். முந்திய ஆண்டிலேதான் முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாராற் சுட்டுக் கொல்லப்பட்டார். போப் வழக்கில் வீராசாமி, வேலாயுதன் எனும் தொழிலாளர் இருவருக்கு மரணதண்டனை. இப்போது உள்நாட்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருந்தது. அது மேன்முறையீட்டை நிராகரித்தது. 1942இல் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அவ்விருவரும் குற்றமற்றவர் என்று நிறுவுவது எனது நோக்கமன்று. செனிவிரத்ன வழக்கிற் சான்றின் ஒவ்வோர் இழையையும் பிரித்துப் பார்க்க வாய்த்த காலமும் பணமும் இங்கே இல்லை, அவ்வளவே. மலையகத்தார் நினைவில் அவர்கள் தியாகிகளாக நிலைத்தமை, நீதிமன்றம் மறுத்ததை மக்கள் தம் வழியிற் கொடுத்தமையாகும்.

மன்னிப்புப் பெற்ற சாட்சியின் சொல்லுக்கு வருவோம். 1948இற் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கு எதிராக இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய துடுப்பாட்டக்காரர் மகாதேவ சதாசிவம், 1951இல் மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். வீட்டு வேலையாளுக்கு நிபந்தனை மன்னிப்பு வழங்கப்பட்டு அவர் அரச சாட்சியாக்கப்பட்டார். எதிரிக்காக வாதாடியவர் இலங்கை சமசமாஜக் கட்சித் தலைவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா. மருத்துவச் சான்றுகளைக் கொண்டு அந்தச் சாட்சியின் கூற்றை அவர் தகர்த்த முறை புகழ்பெற்றது. 1953 யூனில் யூரிமார் சதாசிவத்தை விடுவித்தனர். சென்னையில் இரண்டு மேன்முறையீடுகளுக்கும் ஒரு கடற்பயணத்துக்கும் பின்னர் நிகழ்ந்தது கொழும்பில் முதற் படியிலேயே நிகழ்ந்தது. ஆனால் இவ்விடத்தில் முற்போக்காளர் ஒன்றைக் கூச்சமின்றிச் சொல்லவேண்டும்: எசமானர் விடுதலையானபோது கொலைப்பழி வேலைக்காரரின் தோளுக்கு மாறியது. வாதத்தின் தருக்கம் அதை வேண்டியது. இடதுசாரித் தலைவரின் திறமை அதை நிறைவேற்றிற்று. பிரிற்றுக்கும் கொல்வினுக்கும் அவர்தம் தொழில் தந்த நெருக்கடி இது. அதை மறைத்து அவர்களை வணங்குவதாற் பயனில்லை.

மேன்முறையீட்டில் விடுதலை என்றாலே பிழை திருத்தப்பட்டது என்று பொருள்கொள்வதும் தவறாகும். 1968 டிசெம்பர் 25ஆம் நாள் இரவு தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியிற் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். 1970இற் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட நிலவுடைமையாளருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1973இற் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வசதி படைத்த மிராசுதார்கள் தாமே நேரில் நடந்து சென்று குடிசைக்குத் தீயிட்டிருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாயில்லை என்ற கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. பாகவதர் வழக்கில் எதிரியைக் காத்த அதே ஐயத்தின் பயன் இங்கேயும் எதிரியைக் காத்தது. அங்கே அந்த ஐயம் சாட்சியத்தின் ஓட்டைகளிலிருந்து பிறந்தது. இங்கே எதிரியின் சமூகத் தகுதியிலிருந்து பிறந்தது. சட்ட மாணவர்க்கு இரண்டும் ஒரே கோட்பாடு. எமக்கு அவ்வாறன்று.

யாழ்ப்பாணத்தவருக்கு இவை பழங்கதைகளல்ல. 2000ஆம் ஆண்டு டிசெம்பரில் மிருசுவிலிலே, இடம்பெயர்ந்த தம் வீடுகளைப் பார்க்கச் சென்ற பொதுமக்கள் எட்டுப் பேர், சிறுவர் உட்பட, கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். ஒருவர் தப்பி வந்து சாட்சி சொன்னார். 2015இற் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரணதண்டனை விதித்தது. 1976இன் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லையாதலால் அது நடைமுறையிற் சிறைத்தண்டனையே. 2019 ஏப்பிரலில் ஐந்து நீதியரசர் கொண்ட உயர் நீதிமன்ற ஆயம் மேன்முறையீட்டைத் தள்ளித் தீர்ப்பை உறுதிசெய்தது. ஓராண்டு நிரம்புமுன், 2020 மார்ச்சு 26ஆம் நாள், கொள்ளைநோய் ஊரடங்கின் நடுவே, சனாதிபதி கோத்தாபய ராஜபக்ச அவரை மன்னித்து விடுவித்தார். இருபது ஆண்டு நடந்த வழக்கு ஒரு கையொப்பத்தில் முடிந்தது. மன்னிப்பை எதிர்த்து மனுக்கள் தாக்கலாயின. 2006இற் கொழும்பிற் சுட்டுக் கொல்லப்பட்ட யாழ்ப்பாண மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கில், 2016 டிசெம்பரிற் சிங்களம் பேசும் யூரிமார் எதிரிகளை விடுவித்தனர். சொத்தின் அடிப்படையில் அன்று தெரிந்தெடுத்த யூரிப் பட்டியல் இன்று மொழியின் அடிப்படையிற் பேசுகின்றது.

விடுதலையின் பின் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் நேர்ந்தவை ஒரே தன்மையன அல்ல. கிருஷ்ணன் ‘நல்லதம்பி’ (1949), ‘மணமகள்’ (1951) என மேலே சென்றார். பாகவதரின் ‘ராஜமுக்தி’யும் (1948) அதன் பின் வந்த ‘அமரகவி’, ‘சியாமளா’ ஆகியனவும் பழைய வரவேற்பைப் பெறவில்லை. சிறை அவரை உடைத்துவிட்டது என்பர். பாதி உண்மை. அவர் உள்ளேயிருந்த முப்பது மாதங்களிலும் அவற்றை அடுத்தும் தமிழ்ப் படத்தின் இலக்கணமே மாறிக்கொண்டிருந்தது. ‘வேலைக்காரி’ (1949), ‘பராசக்தி’ (1952) ஆகியவற்றோடு பாட்டின் இடத்தை வசனம் பிடித்தது. பக்தனின் இடத்தைப் பண்ணையாரிடம் கேள்வி கேட்பவன் பிடித்தான். கேலி செய்து பழகிய நடிகனுக்கு அந்தப் புதிய உலகில் இடமிருந்தது. தெய்வத்தின் முன் உருகி நின்ற நாயகனுக்கு இல்லை. அதனுடன் இன்னொன்றும் உண்டு: பக்திப்பட நாயகன் திரையிலும் வெளியிலும் மாசற்றவன் என்ற நம்பிக்கையை மூலதனமாகக் கொண்டவன். நீதிமன்றம் அவனைக் குற்றமற்றவன் என்று சொல்லலாம். குற்றம் சாட்டப்படாதவன் என்று சொல்ல முடியாது. கிருஷ்ணன் 1957 ஓகஸ்டிலும் பாகவதர் 1959 நவம்பரிலும் காலமாயினர்.

‘ஹரிதாஸ்’ சென்னை பிரோட்வே அரங்கிலே 1944, 1945, 1946 ஆகிய மூன்று தீபாவளிகளைக் கண்டது. முதலாவது தீபாவளிக்கு அதன் நாயகன் வெளியே இருந்தார். மற்றைய இரண்டின்போதும் சிறையில். மாலைதோறும் கட்டணம் செலுத்தி அவர் பாட்டைக் கேட்டுவந்த கூட்டத்திற்கு அவர் ஒரு கொலைக் குற்றவாளி என்பது தெரிந்தே இருந்தது. 1947 ஏப்பிரலில் அவர் வெளியே வந்தபோது படம் அந்த அரங்கைவிட்டுப் போயிருந்தது.